சமையல் கேஸ் சிலிண்டருக்கு ஏன் மீட்டர் இல்ல?

ஆக்சிஜன் சிலிண்டர் தலையில ஒரு வட்ட மீட்டர் இருக்கும், முள்ளு 150-ல நின்னா ஃபுல், 75-ல நின்னா பாதி, கீழ இறங்கிட்டா அடுத்த சிலிண்டருக்கு ஃபோன் போடணும். 2021 கொரோனா ரெண்டாவது அலையப்போ வீட்லயே ஆள வச்சுப் பாத்துக்க வேண்டிவந்த குடும்பங்க எல்லாம் இத ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க. ஆனா வருஷக்கணக்கா அடுப்படில இருக்கற சமையல் சிலிண்டர்ல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்க இன்னைக்கும் தூக்கிப் பாக்குறோம், ஆட்டிப் பாக்குறோம், தட்டிப் பாக்குறோம், கடைசில பாதி சாம்பார்ல அடுப்பு அணைஞ்சப்புறம்தான் தெரியுது. ரெண்டுமே இரும்பு உருளை, ரெண்டுலயும் அழுத்தி அடைச்சு வச்ச சரக்கு. ஒன்னுக்கு மீட்டர் வச்சவங்களுக்கு இன்னொன்னுக்கு வைக்கத் தெரியாதா?

கம்பெனிக்காரன் காசு மிச்சம் புடிக்கறான்னு நெறைய பேரு நினைக்கறாங்க. அது இல்ல. வச்சாலும் அந்த மீட்டர் வேலை செய்யாது, அதான் விஷயம். ஆக்சிஜன் சிலிண்டருக்குள்ள இருக்கறது வாயு, சமையல் சிலிண்டருக்குள்ள இருக்கறது பெரும்பாலும் திரவம், நம்ம பத்தாவது பதினொண்ணாவதுல படிச்ச பாயில் விதி சார்லஸ் விதி எல்லாம் மொதல்ல சொன்னதுக்குத்தான் செல்லும், ரெண்டாவதுகிட்ட போய் அந்த விதியச் சொன்னா அது காதுலயே வாங்காது. எப்ப ஒரு வாயு விதிக்குக் கட்டுப்படும், எப்ப டிமிக்கி குடுக்கும்னு புரிஞ்சா அழுத்தம், கன அளவு, வெப்பநிலை மூணுக்கும் நடுவுல உள்ள உறவு மொத்தமும் புரிஞ்ச மாதிரி.

மொதல்ல கட்டுப்படுற ஆள எடுத்துக்குவோம். வீட்டுக்கு வாடகைக்கு வர்ற பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர், உள்ள இருக்கற இடம் 10 லிட்டர். அதுல 150 பார் அழுத்தத்துல ஆக்சிஜன் இருக்கு. ஒரு பார்னா ஏறக்குறைய நம்மளச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம். இந்த 10 லிட்டர் ஆக்சிஜன வெளிய விட்டா எவ்ளோ இடத்த அடைக்கும்? அழுத்தம் 150-ல இருந்து 1-க்கு இறங்குது, அதனால இடம் 150 மடங்கு ஆகும், 1500 லிட்டர். டாக்டர் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைக்கச் சொன்னா 300 நிமிஷம், அஞ்சு மணி நேரம். முள்ளு 100-ல நிக்குதா, அப்ப 1000 லிட்டர் இருக்கு, மூணு மணி இருபது நிமிஷம். ஆஸ்பத்திரில பாக்கற ஆளு உயர டி டைப் சிலிண்டர்ல இடம் 46 லிட்டர் சொச்சம், 150-ஆல பெருக்குனா 7000 லிட்டர், அதத்தான் 7 கன மீட்டர் சிலிண்டர்னு சொல்றாங்க. இவ்ளோதான் கணக்கு, ஒரு பெருக்கல் ஒரு வகுத்தல், ஆனா அந்தக் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு ராத்திரி எத்தன மணிக்கு அலாரம் வைக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

இந்தப் பெருக்கலுக்குப் பின்னாடி இருக்கறவர்தான் ராபர்ட் பாயில். அயர்லாந்துல பொறந்து ஆக்ஸ்ஃபோர்டுல இருந்தவரு, காத்துப் பம்ப் செஞ்சு குடுக்க ராபர்ட் ஹூக்னு ஒரு கைகாரன அசிஸ்டண்டா வச்சிருந்தாரு. ஒரு முனை மூடின, தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்ச கண்ணாடிக் குழாய்ல பாதரசத்த ஊத்த ஊத்த உள்ள மாட்டின காத்து சுருங்குது, அழுத்தம் ரெண்டு மடங்கானா இடம் பாதியாகுது, இத அளந்து 1662-ல வெளியிட்டாரு. குழாய் ரூமுக்குள்ள அடங்காம மாடிப்படில வச்சு சோதனை பண்ண வேண்டியதாப் போச்சாம். ஹென்றி பவர், ரிச்சர்ட் டவுன்லினு ரெண்டு பேரு அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல பெண்டில் மலைல இதே மாதிரி அளந்து பாத்திருந்தாங்க, பாயிலுக்கும் அது தெரியும், ஆனா பேரு என்னவோ பாயிலுக்குப் போயிடுச்சு. பிரான்ஸ்ல கேட்டா மாரியட் விதிம்பாங்க. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேணாம்.

ஏன் இப்டி நடக்குது? அழுத்தம்ங்கறது வேற ஒன்னும் இல்ல, உள்ள கண்டபடி பறந்துட்டு இருக்கற மூலக்கூறுங்க சுவத்துல வந்து மோதற மோதல்தான், 1738-லயே டேனியல் பெர்னூலி இத எழுதிட்டாரு, அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. இடத்தப் பாதியாக்குனா சுவத்துக்கும் சுவத்துக்கும் உள்ள தூரம் கொறையுது, மோதல் கூடுது, அழுத்தம் ஏறுது. சூடாக்குனா மூலக்கூறு வேகமாப் பறக்குது, ஒவ்வொரு மோதலும் பலமா விழுது, மோதல் எண்ணிக்கையும் கூடுது, அப்பவும் அழுத்தம் ஏறுது. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, இந்தப் படத்துல மூலக்கூறுங்க ஒன்ன ஒன்னு சட்டையே பண்ணல. பக்கத்துல இருக்கறவன் யாருன்னே தெரியாம தன் பாட்டுக்குப் பறக்குது. அந்த அனுமானம் எங்க ஒடையுதோ அங்கதான் சமையல் சிலிண்டர் கதை ஆரம்பிக்கும், கொஞ்சம் பொறுங்க.

வெப்பநிலை விஷயத்துல பிரெஞ்சுக்காரங்க ராஜ்ஜியம். 1702 வாக்குல கியோம் அமோந்தோன், காத்த ஒரு இடத்துல அடைச்சு வச்சு சூடாக்குனா அழுத்தம் சீரா ஏறுதுன்னு பாத்தாரு, அப்டியே பின்னாடி போனா ஒரு எடத்துல அழுத்தமே இல்லாம போயிடணுமேன்னும் யோசிச்சாரு, அந்தக் காலத்துக்கு அது பெரிய யோசனை. அப்புறம் ஜாக் சார்லஸ், 1783 டிசம்பர் 1-ந் தேதி பாரிஸ்ல ஹைட்ரஜன் பலூன்ல ஏறிப் பறந்தவரு. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல ஆளில்லாம விட்ட பலூன் கொனெஸ்ங்கற கிராமத்துல போய் விழ, ஊர்க்காரங்க பூதம் வந்துடுச்சுன்னு கத்தி கவைக்கோலோட போய்க் குத்திக் கிழிச்சுட்டாங்க. இந்த மனுஷன் 1787 வாக்குல பல வாயுக்கள எடுத்து எல்லாமே ஒரே அளவுலதான் விரியுதுன்னு கண்டுபிடிச்சாரு, ஆனா வெளியிடல. 1802-ல கே-லுசாக் தானே அளந்து வெளியிட்டு, இது சார்லஸ் ஏற்கெனவே பண்ணதுன்னு பேரையும் சொல்லிட்டாரு. அப்டிப்பட்ட நேர்மை அந்த ஃபீல்டுல அபூர்வம்.

எல்லா வாயுவும் சூட்டுக்கு ஒரே மாதிரி விரியுது, அந்தக் கோட்டப் பின்னாடி இழுத்தா எல்லாமே மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்ல போய் பூஜ்யத்தத் தொடுது. 1848-ல கெல்வின் அங்கிருந்தே எண்ண ஆரம்பிக்கலாம்னு சொன்னாரு. பள்ளிக்கூடத்துல 273 கூட்டு 273 கூட்டுன்னு மனப்பாடம் பண்ண வைப்பாங்களே தவிர ஏன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, காரணம் இதான்: செல்சியஸ்ல பூஜ்யம்ங்கறது தண்ணி ஒறையுற எடம், காத்துக்கு அந்த எடத்துல விசேஷமா ஒன்னும் நடக்கல, காத்தோட பூஜ்யம் வேற எங்கயோ இருக்கு.

இதே மாதிரி இன்னொரு பொய்ப் பூஜ்யம் டயர் மீட்டர்ல இருக்கு. காலைல பஞ்சர் கடைல 32 பிஎஸ்ஐ காத்து புடிக்கறீங்க, வெளிய 27 டிகிரி. மதியம் பைபாஸ்ல ரெண்டு மணி நேரம் ஓட்டி டயருக்குள்ள இருக்கற காத்து 57 டிகிரி ஆயிடுச்சுன்னு வச்சுக்குவோம். 27 எங்க 57 எங்க, ரெண்டு மடங்குக்கு மேல, அப்ப அழுத்தமும் ரெண்டு மடங்கு ஆகி டயர் வெடிக்கணுமே? ஆகாது, ஏன்னா 273 கூட்டுனா நெசத்துல அது 300-ல இருந்து 330 கெல்வின், பத்து சதவீதம்தான் ஏறிருக்கு. சரி 32-ல பத்து சதவீதம் 3.2, அப்ப 35.2-ன்னு சொன்னா அதுவும் தப்பு. மீட்டர் காட்டற 32-ங்கறது வெளிக்காத்துக்கு மேல எவ்ளோங்கறது, வெளிக்காத்தே 14.7 இருக்கு, ஆக உள்ள நெசமா இருக்கறது 46.7. அதுல பத்து சதவீதம் கூட்டுனா 51.4, வெளிக்காத்தக் கழிச்சா மீட்டர்ல 36.7 காட்டும். இதனாலதான் ஓடி சூடேறின டயர்ல அளந்துட்டு காத்து ஜாஸ்தியா இருக்குன்னு எறக்கி விடக்கூடாது, மறுநாள் காலைல கம்மியா நிக்கும். நைட்ரஜன் போட்டா அழுத்தம் ஏறவே ஏறாதுன்னு சொல்லி காசு வாங்கறாங்களே, காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான், சூட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் விரியும், அதத்தான சார்லஸ் கண்டுபிடிச்சாரு. நைட்ரஜன்ல ஈரம் இருக்காது, அது ஒரு சின்ன லாபம், அவ்ளோதான்.

ஆக்சிஜன் சிலிண்டர் ரொப்பறப்பவும் இதே கூத்து. வேகமா ரொப்புனா உள்ள அழுத்தப்படுற வாயு சூடேறிடும், 57 டிகிரில முள்ளு 150 காட்டுதேன்னு மூடிட்டா, வீட்டுக்கு வந்து 27 டிகிரிக்கு ஆறினப்புறம் 136 சொச்சம்தான் காட்டும். ஓட்டையும் இல்ல, திருட்டும் இல்ல, ரொப்பறவங்க சூட்டக் கணக்குல எடுத்திருக்கணும். சிஎன்ஜி ஆட்டோ ஓட்டறவங்க பங்க்ல ஃபுல்லா இருந்த முள்ளு கொஞ்ச நேரத்துல எறங்கிடுச்சுன்னு புலம்பறதுக்கும் ஒரு காரணம் இதான்.

அழுத்தம், இடம், சூடு, சரக்கோட அளவு நாலையும் ஒரே வரில கோத்து 1834-ல கிளாப்பிரான் எழுதுனாரு, அதான் பிவி ஈக்வல்டு என்ஆர்டி (பி அழுத்தம், வி இடம், என் சரக்கோட அளவு, டி கெல்வின்ல சூடு, ஆர் ஒரு மாறாத எண்). என்னைக் கேட்டா பாயில் விதி, சார்லஸ் விதி, கே-லுசாக் விதின்னு தனித்தனியா மூணு பேர மனப்பாடம் பண்றதுக்குப் பதிலா இந்த ஒத்த வரிய வச்சுக்கிட்டு, இப்ப எது மாறாம இருக்குன்னு ஒரு கேள்வி மட்டும் கேட்டாப் போதும். ஆக்சிஜன் சிலிண்டர்ல இடம் மாறாது, ரூம் சூடு பெருசா மாறாது, அப்ப முள்ளு எறங்குனா சரக்கு எறங்குதுன்னு அர்த்தம், நேர் விகிதம். அதனால அங்க மீட்டர் பொய் சொல்லாது.

இப்ப அடுப்படிக்கு வாங்க. வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ எல்பிஜி, உள்ள இடம் 33 லிட்டர் சொச்சம். எல்பிஜின்னா புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ஆக்சிஜன் கணக்க இதுல போட்டுப் பாருங்க, 14.2 கிலோவையும் வாயுவாவே இந்த 33 லிட்டருக்குள்ள அடைக்கணும்னா அந்தச் சூத்திரப்படி 200 பார் அழுத்தம் வரும். ஆனா நெசத்துல உள்ள இருக்கறது ஏழெட்டு பார் கூட சில நேரம் இருக்காது. அவ்ளோ கம்மி அழுத்தத்துல இவ்ளோ சரக்கு எப்டி? கீழ முக்கால் பாகத்துக்கும் மேல திரவமா கெடக்கு, மேல மிச்ச இடத்துல மட்டும்தான் வாயு.

அந்தத் திரவமும் மேல இருக்கற வாயுவும் ஒரு சமரசத்துல இருக்கு. திரவத்துல இருந்து மூலக்கூறுங்க தப்பிச்சு மேல போயிட்டே இருக்கு, மேல இருந்து கீழ வந்து விழுந்துட்டும் இருக்கு, போறதும் வர்றதும் சரிசமமானா அழுத்தம் அங்க நின்னுடும். நீங்க அடுப்பப் பத்த வச்சு மேல இருக்கற வாயுவக் கொஞ்சம் எடுத்தா, அந்த இடத்த ரொப்ப கீழ இருந்து திரவம் கொதிச்சு வாயுவா மாறி மேல வந்துடும். டவுன் பஸ்ல ஒருத்தர் எறங்குனா ஸ்டாப்புல நிக்கற ஒருத்தர் ஏறிடுவாரு, பஸ் எப்பவும் ஃபுல், பஸ்ஸுக்குள்ள இருக்கற கூட்டத்தப் பாத்து ஸ்டாப்புல இன்னும் எத்தன பேரு நிக்கறாங்கன்னு சொல்ல முடியுமா? சிலிண்டர் தலைல மீட்டர் வச்சா அது பஸ்ஸுக்குள்ள இருக்கற கூட்டத்ததான் எண்ணும். 14 கிலோ இருந்தாலும் அதே அழுத்தம், 2 கிலோ இருந்தாலும் ஏறக்குறைய அதே அழுத்தம்.

அந்த அழுத்தம் எதப் பொறுத்தது? சூட்டையும் கலவையையும் பொறுத்தது. 30 டிகிரில சுத்தமான புரொப்பேனா இருந்தா சுமார் 11 பார், சுத்தமான பியூட்டேனா இருந்தா 3 பாருக்கும் கொஞ்சம் கீழ, நம்ம சிலிண்டர் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும். ஆக, தலைல மீட்டர் வச்சா அது உங்க வீட்டுத் தெர்மாமீட்டர் வேலையப் பாக்கும், மதியம் ஏறும், விடியக்காலம் எறங்கும், கேஸ் எவ்ளோ இருக்குன்னு மட்டும் சொல்லாது. ஆன்லைன்ல பச்சை மஞ்சள் சிவப்பு போட்டு கேஸ் லெவல் மீட்டர்னு விக்கறாங்களே, ரெகுலேட்டர் பக்கத்துல மாட்டற முள்ளு மீட்டர், அதுல பெரும்பாலானது இதே கேஸ்தான், மாசம் முழுக்க பச்சைலயே நிக்கும், கடைசி நாள் பொத்துனு விழும்.

அந்தக் கடைசி நாள்ல என்ன நடக்குதுன்னு பாத்தா சுவாரசியமா இருக்கும். திரவம் கடைசிச் சொட்டு வரைக்கும் ஆவியாகிடுச்சு, இப்ப 33 லிட்டரும் வெறும் வாயு, அழுத்தம் ஒரு 5 பார்னு வச்சுக்கலாம். அதுல எவ்ளோ சரக்கு இருக்கும்னு சூத்திரத்துல போட்டா சுமார் 350 கிராம் வரும். இந்த 350 கிராமுக்கு மட்டும் சமையல் சிலிண்டர் ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி நல்ல புள்ளையா பாயில் விதிக்குக் கட்டுப்படும், மீட்டர் வச்சா முள்ளு சீரா எறங்கும். 14.2 கிலோல 350 கிராம்ங்கறது ரெண்டரை சதவீதம் கூட இல்ல. ஒரு அடுப்ப ஃபுல்லா வச்சா ரெண்டு மணி நேரம் வாக்குல முடிஞ்சிடும். மீட்டருக்கு வேலை வர்றதே அப்பதான், அதுக்குள்ள நீங்க புக் பண்ணி சிலிண்டர் வந்து சேராது.

திரவமா இருக்கறதால வர்ற வேற கூத்தும் இருக்கு. திரவம் ஆவியாக சூடு வேணும், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 350 கிலோஜூல், அத அது சிலிண்டர் இரும்புல இருந்தும் சுத்தி இருக்கற காத்துல இருந்தும் புடுங்கிக்கும். வீட்டு அடுப்பு கொஞ்சமாத்தான் எடுக்கும், அதனால தெரியாது. ஹோட்டல்ல 19 கிலோ சிலிண்டர்ல பெரிய பர்னர மாட்டி மணிக்கு ஒரு கிலோ வீதம் எரிச்சா, சிலிண்டர்ல இருந்து 100 வாட்ஸ் வீதம் சூட்ட ஒருத்தன் உறிஞ்சிட்டே இருக்கான்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல கீழ்ப்பாதி சில்லுனு ஆகி வெளிய தண்ணி முத்து முத்தா நிக்கும், எரிச்சல் ஜாஸ்தின்னா பனியே படியும். சூடு கொறைஞ்சா அழுத்தம் கொறையும், தீ சோம்பும். கல்யாண சமையல்காரங்க சிலிண்டர் மேல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தறது இதுக்குத்தான், கொளுத்தின அடுப்புப் பக்கத்துல உருட்டி வைக்கறதுதான் எமனக் கூப்புடறது. ஈரத்துணியால சிலிண்டரத் தொடைச்சு விட்டா மேல சீக்கிரம் காஞ்சு கீழ மட்டும் ஈரம் நிக்குமே, அந்தக் கோடுதான் திரவ மட்டம், திரவம் இருக்கற பக்கம் இரும்பு லேசுல சூடேறாது, அதனால காய லேட் ஆகுது. பாட்டி வைத்தியம் மாதிரி தெரிஞ்சாலும் அந்த முள்ளு மீட்டர விட இது எவ்வளவோ தேவல.

பியூட்டேன் கொதிக்கறது மைனஸ் அரை டிகிரில, புரொப்பேன் மைனஸ் 42-ல. ரெண்டும் கலந்திருக்கறப்ப புரொப்பேன்தான் முந்திக்கிட்டு ஆவியாகும், அதனால சிலிண்டர் தீரத் தீர பியூட்டேன் பங்கு ஜாஸ்தியாகும், அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா சரியும். ஊட்டில டிசம்பர் ஜனவரி விடியக்காலம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போறப்ப சிலிண்டர வெளிய வச்சிருந்தா, உள்ள சரக்கு இருந்தும் தீ சரியா வராதது இதனாலதான். பியூட்டேன் அந்தச் சூட்டுல கொதிக்கவே யோசிக்கும்.

சிலிண்டரப் படுக்க வச்சு எரிக்கக் கூடாதுன்னு ஏன் சொல்றாங்கன்னும் இப்ப புரியும். நிமித்தி வச்சா வால்வுக்கு வர்றது வாயு, படுக்க வச்சா திரவமே ரெகுலேட்டருக்குள்ள போயிடும், ஒரு லிட்டர் திரவம் வெளிய வந்தா சுமார் 250 லிட்டர் வாயுவாகும், ரெகுலேட்டர் உள்ள இருக்கற பல பார் அழுத்தத்த 0.03 பாருக்கு எறக்கிக் குடுக்கறதுக்குச் செஞ்ச பொருளு, இந்தப் பெருக்கத்த அது தாங்காது. முழுசா ரொப்பாம இருபது சதவீதம் காலி விடறதும் ஏமாத்து வேலை இல்ல, எல்பிஜி திரவம் சூட்டுக்குத் தண்ணிய விட பல மடங்கு விரியும், மேல இடம் இல்லாம ரொப்பிட்டா வெயில்ல திரவம் விரிய எடம் இல்லாம இரும்பையே பொளந்துடும். வாயுவ அமுக்கலாம், திரவத்த அமுக்க முடியாது.

சரி, எல்பிஜி மட்டும் ஏழெட்டு பார்ல திரவமாகுது, ஆக்சிஜன் 150 பார்லயும் ஏன் ஆக மாட்டேங்குது? இந்தக் கேள்வில பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிங்க அம்பது வருஷத்துக்கு மேல முட்டிக்கிட்டு நின்னாங்க. 1823-ல மைக்கேல் ஃபாரடே, அப்ப ஹம்ஃப்ரி டேவிங்கற வேதியியல் விஞ்ஞானி கிட்ட அசிஸ்டண்ட், மூடின கண்ணாடிக் குழாய்ல குளோரின திரவமாக்கிக் காட்டுனாரு, அந்தச் சோதனைங்கள்ல குழாய் வெடிச்சு கண்ணுல கண்ணாடித் துண்டு பட்டதும் நடந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு வாயுவா அமுக்கி அமுக்கி 1845 வாக்குல நெறைய வாயு திரவமாயிடுச்சு, ஆனா ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், மீத்தேன் மாதிரி சிலது மசியவே இல்ல. வியன்னால நாட்டரர்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தம் குடுத்துப் பாத்தாரு, ம்ஹூம். கடைசில இதெல்லாம் நிரந்தர வாயு, திரவமே ஆகாதுன்னு பேரு வச்சு ஒதுக்கிட்டாங்க.

விடை பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்துச்சு. தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைட ஒவ்வொரு சூட்டுலயும் வச்சு அமுக்கிப் பாத்துட்டு 1869-ல சொன்னாரு: 31 டிகிரிக்குக் கீழ அமுக்குனா அது திரவமாகும், அதுக்கு மேல என்ன அமுக்கு அமுக்குனாலும் ஆகாது. ஒவ்வொரு வாயுவுக்கும் இப்டி ஒரு எல்லைச் சூடு இருக்கு, மாறுநிலை வெப்பநிலைன்னு பாடப்புத்தகத்துல போட்டிருக்கும். மொதல்ல சொன்னேன்ல, மூலக்கூறுங்க ஒன்ன ஒன்னு சட்டை பண்ணாதுன்னு, அது முழு உண்மை இல்ல, கிட்ட வந்தா ஒன்ன ஒன்னு கொஞ்சம் இழுக்கும். வேகம் ஜாஸ்தியா இருந்தா அந்த இழுப்பு ஒட்டாது, சூட்ட எறக்கி வேகத்தக் கொறைச்சாத்தான் ஒட்டிக்கிட்டுத் திரவமாகும். நெதர்லாந்துல ஸ்கூல் வாத்தியாரா இருந்த வான் டெர் வால்ஸ் 1873-ல டாக்டர் பட்டத்துக்கு எழுதுனது இதத்தான், பிவி ஈக்வல்டு என்ஆர்டிக்குள்ள ரெண்டு திருத்தம், மூலக்கூறுங்க இழுக்கறதுக்கு ஒன்னு, அதுங்களுக்கும் உடம்புன்னு ஒரு இடம் வேணும்ல அதுக்கு ஒன்னு. 1910-ல நோபல் குடுத்தாங்க.

எல்லைச் சூடு தெரிஞ்சா சிலிண்டர் கதை எல்லாம் தன்னால வரிசைல நிக்கும். புரொப்பேனுக்கு எல்லை 97 டிகிரிக்கிட்ட, பியூட்டேனுக்கு 152, நம்ம ஊரு வெயில் எவ்ளோ அடிச்சாலும் அதுக்குக் கீழதான், அதனால கொஞ்சம் அமுக்குனாலே திரவம். ஆக்சிஜனுக்கு எல்லை மைனஸ் 118-க்கும் கீழ, மீத்தேனுக்கு மைனஸ் 82-க்கும் கீழ, அதனால ரூம் சூட்டுல எவ்ளோ அமுக்குனாலும் அது வாயுதான், மீட்டர் வேலை செய்யும். சிஎன்ஜி பெரும்பாலும் மீத்தேன், அதனாலதான் கார்ல 200 பார் தாங்கற கனமான சிலிண்டர் வேண்டியிருக்கு. அதுலயும் 200 பார்ல மூலக்கூறு நெருக்கத்துல வந்துடறதால அந்த இழுப்பு வேலை செஞ்சு, சூத்திரம் சொல்றத விட ஆறுல ஒரு பங்கு வரைக்கும் ஜாஸ்தி சரக்கு உள்ள போகுது, 60 லிட்டர் சிலிண்டர்ல கணக்குப்படி ஏழரை கிலோ புடிக்கணும்னா நெசத்துல ஒன்பது கிட்ட போகும்.

ஆக்சிஜனத் திரவமாக்கணும்னா குளுத்தித்தான் ஆகணும். 1877 டிசம்பர்ல பிரான்ஸ்ல கைலேட்டே, ஜெனீவால பிக்டே, ரெண்டு பேரும் தனித்தனியா சில நாள் இடைவெளில துளித்துளியா பண்ணிக் காட்டுனாங்க. சாதாரண அழுத்தத்துல மைனஸ் 183 டிகிரில திரவம், ஒரு லிட்டர் திரவம் 860 லிட்டர் வாயு ஆகும், அதனாலதான் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல சிலிண்டர் அடுக்காம ஒரு வெள்ளை டேங்க்க நட்டு வச்சிருக்காங்க. அந்த டேங்க்லயும் எல்பிஜி மாதிரியே அழுத்தத்த வச்சு அளவு சொல்ல முடியாது, திரவ மட்டத்த அளக்க தனியா மீட்டர் உண்டு. 2021 ஏப்ரல்ல விமானப்படை விமானத்துல டேங்கருங்கள ஏத்திட்டுப் போனப்ப காலி டேங்கருங்களத்தான் ஏத்துனாங்க, ரொப்பினத ரயில்லயும் ரோட்டுலயும் கொண்டு வந்தாங்க. சதா கொதிச்சுக்கிட்டு ஆக்சிஜனக் கக்கிட்டே இருக்கற சரக்க மூடின விமானத்துக்குள்ள வச்சுப் பறக்கறது வெளையாட்டு இல்ல.

ஆக, சமையல் சிலிண்டர அளக்க நேர்மையான வழி எடைதான். கழுத்து வளையத்துல காலி எடை அடிச்சிருக்கும், 15.3-ன்னு இருந்தா ஃபுல் சிலிண்டர் 29.5 இருக்கணும், டெலிவரி தம்பிகிட்ட தராசு போட்டுக் காட்டச் சொல்லலாம், அவரு முறைச்சாலும் கேக்கறது உங்க உரிமை. இல்லன்னா உள்ள பாக்கற மாதிரி சிலிண்டர் வேணும். இந்தியன் ஆயில் 2021-ல விட்ட காம்போசிட் சிலிண்டர் ஃபைபர்ல செஞ்சது, வெளிச்சத்துல வச்சா திரவ மட்டம் தெரியும், 5 கிலோ 10 கிலோன்னு வருது, அங்கயும் பாருங்க மீட்டர் வைக்கல, மட்டத்தக் காட்டிட்டாங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடுற ஒருத்தன் ஆஃபீஸ் வராண்டால தொங்கறான், நீள ஹாரன் வச்ச கார்பன் டை ஆக்சைட் தீயணைப்பான். பக்கத்துலயே ஏபிசி பவுடர் தீயணைப்பான் இருக்கும், அதுல பச்சைப் பகுதி போட்ட மீட்டர் இருக்கும், ஏன்னா பவுடரத் தள்ளறதுக்கு உள்ள அடைச்சிருக்கறது நைட்ரஜன் வாயு. கார்பன் டை ஆக்சைட் காரனுக்கு மீட்டர் கெடையாது, அவனும் உள்ள திரவம்தான், 20 டிகிரில 57 பார். ஆனா அவனோட எல்லைச் சூடு அந்த 31 டிகிரி, சென்னைல ஏசி இல்லாத வராண்டால மே மாசப் பகல்ல அதுக்கு மேலதான் போகும். அப்ப உள்ள இருக்கறத திரவம்னும் சொல்ல முடியாது, வாயுன்னும் சொல்ல முடியாது, ரெண்டுக்கும் நடுவுல இருந்த கோடே இருக்காது, அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுனு ஏறும், அதுக்காகத்தான் வால்வுல அழுத்தம் மிஞ்சினா கிழியற மாதிரி ஒரு தகடு வச்சிருப்பாங்க. இவ்ளோ ஆட்டம் போடற ஆளுக்கு முள்ளு மீட்டர் வச்சு என்ன புண்ணியம், அதனால சர்வீஸ் பண்ண வர்றவரு தராசுல தொங்க விட்டு எடை பாப்பாரு, அடிச்சிருக்கற சரக்கு அளவுல பத்து சதவீதத்துக்கு மேல கொறைஞ்சிருந்தா ரீஃபில் பண்ண எடுத்துட்டுப் போயிடுவாரு.